புற ஊதாவா, கழியூதாவா?

சித்திரை விண்மீனைப் பார்த்தால் நீலம் தோய்ந்த வெள்ளையாகத் தெரியும். ஏறத்தாழ 25,000 கெல்வினில் தகிக்கும் அது, தன் ஒளியின் பெரும்பங்கை நம் கண்ணுக்கு எட்டாத அலைநீளங்களில்தான் கொட்டுகிறது. நம் பார்வை 400 நானோமீட்டர் வாக்கில் முடிந்துவிடும். சித்திரையின் ஒளி உச்சமோ 115 பக்கம். இந்த ஒளிக்குத்தான் புற ஊதா என்று பெயர்.

1801இல் ஜெர்மானியரான ரிட்டர், பட்டகம் பிரித்த நிறமாலையில் ஊதா முடிந்த பிறகு, வெறுமையாகத் தெரிந்த இடத்தில் சில்வர் குளோரைடை வைத்தார். மற்ற நிறங்களில் கறுத்ததைவிட அங்கே வேகமாகக் கறுத்தது. ‘ஆக்சிஜன் நீக்கும் கதிர்கள்’ என்றார். ‘அல்ட்ரா வயலட்’ பின்னால் வந்த பெயர். ‘அல்ட்ரா’ லத்தீனில் ‘அப்பால்’. வயலட் ஒரு பூவின் பெயர்.

தமிழில் ஊதா உருதுவிலிருந்து வந்த சொல். அது நம்மோடு ஒட்டிப்போய்விட்டது, இருக்கட்டும். எனக்கு இடிப்பது ‘புற’. அகச்சிவப்பு, புற ஊதா என்று சொன்னால் அகம், புறம் என்று காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டுமே கண் காணும் நிறங்களுக்கு வெளியே இருப்பவை. சிவப்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அகம்? வானவில்லைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: சிவப்பு வெளி விளிம்பில், ஊதா உள் விளிம்பில். அங்கே அகமும் புறமும் தலைகீழ்!

இலங்கைத் தமிழர் ‘கழியூதா’ என்கிறார்கள். கழி என்றால் கடத்தல், மிகுதி. ‘சால உறுதவ நனிகூர் கழிமிகல்’ என்பது நன்னூல். அல்ட்ராவுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? புணர்ச்சியும் சிக்கலில்லை. புற ஊதாவைப் ‘புறவூதா’ என்று சேர்த்தெழுதத்தான் பலருக்குக் கை வருவதில்லை.

300 நானோமீட்டருக்குக் கீழே வருவதை ஓசோன் விழுங்கிவிடுகிறது. அதனால் இந்த ஒளியில் விண்மீன்களைப் பார்க்க விண்வெளிக்குப் போயே ஆகவேண்டும். ஆனால் பெரிய கலம் தேவையில்லை. சூடான விண்மீன்கள் இந்த ஒளியில் அவ்வளவு பிரகாசம் என்பதால் சிறிய ஆடியே போதும். 1974இல் ஏவப்பட்ட நெதர்லாந்து செயற்கைக்கோளின் தொலைநோக்கி வெறும் 22 சென்டிமீட்டர். 2021இல் போன ‘க்யூட்’ என்ற செயற்கைக்கோள் கிட்டத்தட்ட ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். விண்மீனை ஒட்டிச் சுற்றும் வெப்பக் கோள்கள் அதன் முன்னால் கடக்கும்போது கழியூதாவில் கவனிக்க அனுப்பியது. இவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடி வில்லை உதவாது, அது இந்த ஒளியை உறிஞ்சிவிடும். அலுமினியம் பூசிய ஆடிதான். அந்தப் பூச்சும் ஆக்சைடு ஏறி மங்காமலிருக்க, மேலே மக்னீசியம் ஃபுளோரைடு பூசுவது வழக்கம்.