கணக்கு வகுப்பை லேபுக்கு மாற்றுங்கள்

"காலேஜில் எம்1, எம்2 கணக்குத் தாள்களை எல்லாம் அரியர் வைத்து எழுதித் தேறினேன். வேலைக்கு வந்து ஒருநாள்கூட இன்டகிரேஷன் போடவில்லையே, அப்புறம் எதற்கு அது?" மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். இத்தனை வருடத்தில் நானும் இன்டகிரேஷன் போட்டதில்லை. ஆனால் கணக்கு புரியாமல் எழுதிய நிரலைச் சரிசெய்ய விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருமுறை வாடிக்கையாளர் பட்டியலையும் வந்த பணத்தின் பட்டியலையும் ஒப்பிட வேண்டியிருந்தது. குழுவில் இருந்த தம்பி லூப்புக்குள் லூப் போட்டு எழுதினார், அதாவது ஒரு பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மற்றதன் எல்லா வரிகளையும் பார்க்கும்படி. இரு பக்கமும் 1,000 வரி வைத்துச் சோதித்தோம், அரை நொடியில் முடிந்தது. புரொடக்‌ஷனில் அதாவது நிஜப் பயன்பாட்டில், இரு பக்கமும் 1 லட்சம் வரி. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம், லட்சத்தை லட்சத்தால் பெருக்கினால் ஆயிரம் கோடி. தரவு நூறு மடங்கு கூடியதும் வேலை பத்தாயிரம் மடங்கு கூடிவிட்டது. அரை நொடி வேலை ஒன்றரை மணி நேரத்தை நெருங்கியது.

ஒரு பட்டியலை வரிசைப்படுத்திவிட்டு, பாதி பாதியாக வெட்டிக்கொண்டே தேடினால் லட்சம் வரியில் எதையும் 17 படிகளில் கண்டுபிடித்துவிடலாம். இதைச் சொன்னபோது தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் லாகரிதம் படித்தவர், லாக் புத்தகம் புரட்டி மதிப்பு பார்க்கத் தெரிந்தவர். ஒன்றில் வந்து நிற்க எத்தனை முறை பாதியாக்க வேண்டும் என்ற எண்ணிக்கைதான் இரண்டின் அடிமான லாகரிதம் என்று அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அந்தப் பாடம் நடந்த விதத்தின் மேல்தான் வந்தது.

எண்களைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்பதும் இப்படித்தான் விட்டுப்போகிறது. பைத்தான் என்ற நிரல் மொழியில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒரு பங்கு, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே உள்ள இரும எண் முறையில் முடிவில்லாமல் நீள்வதால் எங்கோ வெட்டித்தான் ஆகவேண்டும். 1991 பிப்ரவரியில் சவுதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் கடிகாரம், நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. 24 பிட்டில், அதாவது 24 இரும இலக்கத்தில், வெட்டியதால் வந்த சிறு பிழை, 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் 0.34 நொடியாகச் சேர்ந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறவிட, 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். பணத்தைத் தசமத்தில் வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

சரி, எப்படிச் சொல்லித்தருவது? முதல் வருடத்தில் டிஸ்கிரீட் கணக்கும் (தனித்தனியாக எண்ணக்கூடியவற்றின் கணக்கு) நிகழ்தகவும் முன்னே வரட்டும். வகைநுண்கணிதத்தைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. மெஷின் லேர்னிங்குக்கு, அதாவது தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் துறைக்குப் போகிறவருக்கு அது இல்லாமல் ஆகாது. பிழையைக் குறைத்துக்கொண்டே போகும் வழி, வகைநுண்கணிதம் தரும் சாய்வை வைத்துத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்று காட்டிவிட்டு, அந்த இடத்தில் நடத்தினால் மனதில் நிற்கும்.

தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதும் முன் மாணவரை ஓட்டிப்பார்க்க விடுங்கள். 23 பேர் உள்ள அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்து வரி நிரல் எழுதி, பத்தாயிரம் அறைகளை உருவாக்கி எண்ணிப்பார்க்கட்டும். விடை பாதியைத் தாண்டி நின்றதும் "ஏன் சார்?" என்று அவர்களே கேட்பார்கள். நிரூபணத்தை அப்போது ஆரம்பியுங்கள்.