ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்: பெயர் வந்த கதையும் தமிழ்ச் சொல்லும்

கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி என்று சென்னையின் எந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் 'ஸ்லட்ஜ்'. "ஸ்லட்ஜ் கருத்துப்போச்சு", "ஸ்லட்ஜ் மேல எழும்புது", "இன்னைக்கு ஸ்லட்ஜ் எடுத்துடணும்". பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் இருக்கும் சின்ன நிலையங்களிலும் இதே பேச்சுதான். முழுப்பெயர் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்'. பாடப்புத்தகம் எழுதுகிறவருக்கும் செய்தி எழுதுகிறவருக்கும் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது பெரிய இடைஞ்சல். சொல் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அது கொஞ்சம் குறையும்.

முதலில் பொருள். சாக்கடை நீரை ஒரு தொட்டியில் நிரப்பி அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். நீரில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அவை கரைந்திருக்கும் கழிவைத் தின்று பெருகி, ஒன்றோடொன்று ஒட்டித் திட்டுத்திட்டாகத் திரள்கின்றன. அந்த நீரை அடுத்த தொட்டியில் அசையாமல் விட்டால் திட்டுகள் அடியில் படியும், தெளிந்த நீர் மேலே நிற்கும். தெளிவை வெளியே விட்டுவிட்டு, படிந்ததில் பெரும்பகுதியை மறுபடி முதல் தொட்டிக்கே பம்ப் செய்கிறார்கள். திரும்பத் திரும்பப் பயன்படும் இந்தப் பழுப்புநிறப் படிவுதான் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ். முந்தின நாள் மோரில் கொஞ்சம் எடுத்துவைத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிற அதே வேலைதான் இது.

அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாரில் மொண்டு, அரை மணி நேரம் ஆடாமல் வைப்பார்கள். முதலில் ஜார் முழுவதும் கலங்கல். கொஞ்ச நேரத்தில் திட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மொத்தமாகக் கீழே இறங்கத் தொடங்கும், மேலே ஒரு தெளிந்த கோடு விழும். முப்பதாவது நிமிடத்தில் படிவு 200 முதல் 300 மில்லி அளவில் நின்றால் ஆப்பரேட்டர் முகத்தில் கவலை இருக்காது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் சாக்கடை நாற்றம் அடிக்காது, ஈரமண் வாடைதான் வரும். கருத்து, அழுகின முட்டை வாடை வந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஸ்லட்ஜ்' ஆங்கிலத்தில் 1600களில் எழுத்தில் தென்படுகிறது. மூலம் உறுதியாகவில்லை. 'ஸ்லஷ்', 'ஸ்லட்ச்' என்று சேற்றைக் குறிக்கும் சொற்களோடு உறவு இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். 'ஆக்டிவேட்' என்பது, செய், ஓட்டு என்ற பொருளுடைய 'அகெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து கிளைத்தது. இரண்டும் தனித்தனியே பழைய சொற்கள். அவற்றைச் சேர்த்து ஒரு தொழில்நுட்பப் பெயராக்கியது 1914இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகராட்சிச் சம்பளத்தில் இருந்த இரண்டு வேதியியலாளர்கள்: எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட்.

மான்செஸ்டர் நகராட்சியில் ஆறுகளைக் கவனிக்கத் தனித் துறை இருந்தது. நகரின் சாக்கடையில் பெரும்பகுதி டேவிஹியூம் என்ற இடத்துக்குப் போகும், அங்கே ஓர் ஆய்வகமும் உண்டு. சாக்கடையைச் சுத்தம் செய்யும் செலவும் அதைப் பற்றி ஆராயும் செலவும் ஒரே பையிலிருந்துதான், அதாவது வீட்டுக்காரர்கள் கட்டிய உள்ளூர் வரியிலிருந்து. துறைக்கு ஆலோசகராக இருந்தவர் கில்பர்ட் ஃபௌலர். அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் இருந்தார். நகராட்சி, பல்கலைக்கழகம் என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த ஆள்.

ஃபௌலர் 1912இல் நியூயார்க் துறைமுகத்தின் மாசு பற்றி ஆலோசனை சொல்ல அமெரிக்கா போனார். போன இடத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தையும் எட்டிப் பார்த்தார். அந்த மாநிலத்தின் பொதுச் சுகாதார வாரியம் 1887இல் தொடங்கிய இடம் அது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அதுதான் மெக்கா என்பார் ஃபௌலர். அங்கே பாத்திரங்களில் கழிவுநீரை வைத்துக் காற்று ஊதிக்கொண்டிருந்தார்கள், உள்ளே பாசி வளர்ந்திருந்தது. அங்கே பார்த்ததை யாரும் மூடி மறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய ஃபௌலர், ஆர்டெர்னையும் லாக்கெட்டையும் அழைத்து இதைச் செய்து பாருங்கள் என்றார்.

அவர்கள் கண்ணாடிப் புட்டிகளில் டேவிஹியூம் சாக்கடையை எடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் பாசி வளரும் என்பதால் புட்டிகளைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றினார்கள். காற்றை ஊதினார்கள். நீரிலிருந்த அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம் என்றால் எந்த நகராட்சிக்கும் உதவாது, அத்தனை சாக்கடையைத் தேக்கி வைக்க இடம் ஏது! ஆனால் அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கியதைக் கொட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு புதுச் சாக்கடையை அதன்மேல் ஊற்றினார்கள். இந்தத் தடவை வேலை சீக்கிரம் முடிந்தது. மறுபடி வடித்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். அடியில் தங்குவது கூடக்கூட நேரம் குறைந்தது. கடைசியில் 24 மணி நேரத்துக்குள் வந்து நின்றது.

1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரின் கிராண்ட் ஹோட்டலில், வேதித்தொழில் கழகத்தின் (சொசைட்டி ஆஃப் கெமிக்கல் இண்டஸ்ட்ரி) கூட்டத்தில் இதைப் படித்தார்கள். அதில்தான் பெயர் வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் வேடிக்கை. இதைவிட நல்ல சொல் அகப்படாததால், குறிப்பிடும் வசதிக்காக இந்தப் படிவை 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்று அழைக்கிறோம் என்ற மாதிரி எழுதினார்கள். தற்காலிகமாக ஒட்டிய சீட்டு. அது நூறு வருடங்களைத் தாண்டி உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'ஆக்டிவேட்டட்' என்ற அடைமொழியில் ஏதோ ஆழமான அறிவியல் ஒளிந்திருப்பதாக நினைத்து அதை எழுத்துக்கு எழுத்து பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. வைத்தவர்களே அதில் அவ்வளவு திருப்தியாக இல்லை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு: அது ஒரு கம்பெனியின் பெயரானது. டேவிஹியூம் ஆய்வு பொதுப்பணத்தில் நடந்தது, முடிவும் பொதுக்கூட்டத்தில் வெளியானது. ஆனால் முறையின் காப்புரிமைகள் ஸ்டவர்பிரிட்ஜ் ஊரின் ஜோன்ஸ் அண்ட் அட்வுட் என்ற பொறியியல் நிறுவனத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் அந்த உரிமைகளை வைத்திருந்த நிறுவனத்தின் பெயரே 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்'. அது மில்வாக்கி நகரத்தின்மேல் வழக்குப் போட்டது. மில்வாக்கி, ஜோன்ஸ் ஐலண்ட் என்ற இடத்தில் 1925இல் மிகப்பெரிய நிலையத்தைத் திறந்து, மிஞ்சும் கசடை உலர்த்தி 'மில்ஆர்கனைட்' என்ற உரமாக விற்கவும் தொடங்கியிருந்தது. வழக்கில் நகரம் தோற்றது. ஆனால் 1934இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆலையை மூடும் தடையாணையை மட்டும் நீக்கிவிட்டது. மூடினால் நகரத்தின் சாக்கடை முழுவதும் மிச்சிகன் ஏரியில் கலக்கும், பக்கத்து ஊர்களின் உயிருக்கே ஆபத்து, காப்புரிமைக்காரர் பணமாக வாங்கிக்கொள்ளட்டும் என்றது. காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. மான்செஸ்டர் வரிப்பணத்தில் கண்டுபிடித்ததற்கு மில்வாக்கி வரிப்பணத்திலிருந்து உரிமைத்தொகை போனது என்பதுதான் எனக்கு உறுத்தும் இடம்.

நம் பக்கத் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. ஃபௌலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து பல வருடங்கள் இங்கேயே இருந்தார்.

இப்போது தமிழ். 'ஸ்லட்ஜு'க்குச் சொற்பஞ்சம் கிடையாது. சேறு, சகதி, வண்டல், மண்டி, கசடு, கசண்டு என்று வரிசையாக நிற்கின்றன. சேறும் சகதியும் மண்ணும் நீரும் குழைந்தவை, காலில் மிதிபடுபவை. வண்டல் ஆறு கொண்டுவந்து போடும் வளமான மண். மண்டி பொருத்தமாகத்தான் இருக்கிறது, எண்ணெயும் காபியும் அடியில் விட்டுப்போவது அது. ஆனால் 'ஸ்லட்ஜ் மண்டி' என்று யாராவது எழுதினால் வாசகர் வெங்காய மண்டி, அரிசி மண்டியைத்தான் நினைப்பார். கசண்டு நெய்யோடு நின்றுவிட்டது. மிஞ்சுவது கசடு. திரவத்திலிருந்து பிரிந்து அடியில் தங்குவது என்ற பொருள் அதில் நேராக இருக்கிறது. 'கற்க கசடற' என்ற குறளில் அது குற்றம், பிழை என்ற பொருளில் வருகிறது. நீக்க வேண்டிய அழுக்கு என்ற கருத்துதான் இரண்டிலும். பொறியியல் தமிழிலும் கசடு ஓரளவு நிலைத்துவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை.

தகராறு அடைமொழியில்தான். தூண்டப்பட்ட கசடு, கிளர்வுற்ற கசடு, செயலூட்டிய கசடு என்று பலவிதமாக எழுதலாம். 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்பதற்குச் செயலூட்டிய கரி சரி. கரியை நீராவியில் சூடாக்கி நுண்துளைகளைத் திறந்துவிடுகிறோம், வெளியிலிருந்து நாம் ஊட்டுகிற செயல் அது. கசடில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. யாரும் அதற்கு மருந்து போட்டு முடுக்குவதில்லை. உயிர்கள் இருக்கின்றன, சாப்பிடுகின்றன, பெருகுகின்றன. 'செயலூட்டிய' என்றதும் மாணவர் ஏதோ ரசாயனம் கலக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார். உறைக் கசடு என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் உறை என்றால் தலையணை உறையும் உண்டு, உறைபனியும் உண்டு, புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார்.

என் ஓட்டு 'உயிர்ப்புக் கசடு' என்ற சொல்லுக்கு. உயிர்ப்பு என்றால் உயிரோடிருக்கும் தன்மை. பழந்தமிழில் உயிர்த்தல் என்பது மூச்சுவிடுதலும்கூட, நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. உயிருள்ளது, காற்றால் வாழ்வது என்று இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. காற்று நின்றால் கருத்து நாறிப்போகும் பொருளுக்கு இதைவிடத் தோதான அடைமொழி கிடைக்காது. கிறிஸ்தவர்கள் ஈஸ்டரை உயிர்ப்பு விழா என்பார்களே என்று யாராவது கேட்கலாம். கசடு என்ற சொல் பக்கத்திலேயே இருக்கும்போது குழப்பம் வராது. முதல் தொட்டிக்குத் திரும்பிப் போவது மீள்கசடு, கூடிப்போனதால் வெளியே எடுப்பது மிகைக் கசடு, இறங்காமல் பருத்து மிதப்பது கசடு உப்பல்.

இந்தக் குடும்பத்தில் புதிதாக ஒரு சொல்லும் தேவைப்படுகிறது, அதற்கும் பொதுப்பணக் கதை உண்டு. நெதர்லாந்தில் சாக்கடைச் சுத்திகரிப்பு 'வாட்டர்ஸ்காப்' எனப்படும் நீர் வாரியங்களின் வேலை. அவற்றில் ரைன்லாந்து வாரியம் 1255 வரை பின்னோக்கிப் போகும். இவை தேர்தல் நடத்தி, தாமே வரி விதிக்கும் அமைப்புகள். தனித்தனியே ஆய்வகம் வைத்துத் திண்டாடுவதற்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, 1971இல் கழிவுநீர் ஆய்வுக்கென்றே ஒரு பொது அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இன்றைய பெயர் ஸ்டோவா. எந்த வாரியத்துக்குத் தலைவலி இருக்கிறதோ அது பிரச்சினையைக் கொண்டுவரும், பல்கலைக்கழகமும் பொறியியல் நிறுவனமும் சேரும், அறிக்கை எல்லோருக்கும் போகும். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க் வான் லூஸ்ட்ரெக்ட் குழு ஆய்வகத்தில் வளர்த்த புதுவகைக் கசடை நிஜச் சாக்கடைக்குக் கொண்டுவந்ததும் இப்படி ஒரு கூட்டுதான். ஸ்டோவா, நீர் வாரியங்கள், பல்கலைக்கழகம், டிஹெச்வி என்ற பொறியியல் நிறுவனம் எல்லாம் அதில் இருந்தன. சோதனை நிலையத்தில் பார்த்தபின் 2012இல் ஏபெ என்ற ஊரில் முழு அளவு நிலையம் திறந்தார்கள். வணிகப் பெயர் நெரெடா.

அந்தக் கசடு திட்டுத்திட்டாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் இறுகித் திரண்ட சிறு உருண்டை. ஜாரில் ஊற்றினால் அரை மணி காத்திருக்க வேண்டாம், சில நிமிடங்களிலேயே சரசரவென்று இறங்கிவிடும். அதனால் படியவைக்கும் தனித் தொட்டியே தேவையில்லை, நிலமும் மிச்சம். ஆங்கிலத்தில் 'கிரானுலர் ஸ்லட்ஜ்'. 'துகள் கசடு' என்றால் தூள் மாதிரி தோன்றும், ஆகாது. தஞ்சாவூர் வயலில் இறங்கிக் கேட்டால் சொல் தயாராக இருக்கிறது: தூளாகவோ திரவமாகவோ இல்லாமல் மணிமணியாக வரும் பூச்சிமருந்தை விவசாயிகள் 'குருணை மருந்து' என்கிறார்கள். அப்புறம் என்ன, இது குருணைக் கசடு.