லேமினேட் செய்வதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்

போன வாரம் எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு இன்னொன்று வந்தது. லாஸ் வேகாஸின் முதல் வருடங்களைச் சேர்ந்த மனைப் பத்திரம், பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டு. கொண்டுவந்த பெண்மணிக்கு முகமெல்லாம் பெருமை. "தாத்தாவோடது, கிழியக்கூடாது இல்லையா?"

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். நோட்டரியின் மேடுமுத்திரை சூட்டில் நசுங்கித் தட்டையாகிவிட்டது. ஓரத்தில் தாத்தா பென்சிலில் போட்டிருந்த கணக்கில் பாதியைக் கடைக்காரர் கத்தரித்துவிட்டார். மது விற்கக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் தெளிவாக இருந்தது. "இந்த ஊரிலா?" என்று அந்தப் பெண்மணி சிரித்தார். இந்த ஊரில்தான். 1905 மே மாதம் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டபோது, 16, 17 என்ற இரண்டு பிளாக்குகள் தவிர மற்ற இடங்களில் மது விற்கத் தடை போட்டிருந்தது.

அந்த பிளாஸ்டிக்கை இனி உரிக்க முடியாது. உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். பதிவு அலுவலகத்தில் நகல் இருக்குமே என்பீர்கள். இருக்கும். 1909-ல் கிளார்க் கவுன்ட்டி (இந்த ஊர் இருக்கும் மாவட்டம்) பிரிவதற்கு முந்தைய பத்திரம் என்றால் லிங்கன் கவுன்ட்டியின் புத்தகங்களில் தேட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தாத்தாவின் பென்சில் கணக்கு அங்கே இருக்காது.

சரி, லேமினேஷனையாவது அன்பால் செய்த தப்பு என்று மன்னிக்கலாம். எனக்கு நிஜமாகவே எரிச்சல் தருவது இங்கே வருகிறவர்கள் கேட்கிற ஒரு கேள்வி. "வேகாஸைக் கட்டியது அந்த கேங்ஸ்டர் பக்ஸி சீகல்தானே, அதுக்கு முன்னால வெறும் மணல்தானே?" இல்லை ஐயா, இல்லை. சீகல் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஃபிளமிங்கோ கேசினோ ஹோட்டல் திறந்தது 1946 டிசம்பர் 26. அந்த ஹோட்டலையே தொடங்கியவர் பில்லி வில்கர்சன். சீகல் நடுவில் வந்து புகுந்தவர். திறந்து ஆறு மாதத்துக்குள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அதுவும் பெவர்லி ஹில்ஸில். ஃபிளமிங்கோ இருக்கும் அதே சாலையில் எல் ராஞ்சோ வேகாஸ் 1941-லும் லாஸ்ட் ஃபிரான்டியர் 1942-லும் வந்துவிட்டன, இரண்டும் கேசினோ ஹோட்டல்கள்தான். சூதாட்டம் சட்டப்படி செல்லுபடியானது 1931-ல். ஊர் நகரசபையானது 1911-ல். 1930 கணக்கெடுப்பில் இங்கே 5,165 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் ரயிலை நம்பி. குடிதண்ணீரே ரயில்காரர்களின் துணைக் கம்பெனி விற்றதுதான்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், "வெறும் மணல்" என்று நம்புகிற வீட்டில் கேசினோ ஆஷ்டிரே கண்ணாடி அலமாரிக்குப் போகிறது; ரயில் பட்டறைச் சம்பளச் சீட்டு குப்பைக்குப் போகிறது. ஆஷ்டிரே எங்களிடம் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது!

ஆகவே, தயவுசெய்து. பழைய தாள்களைக் கராஜில் வைக்காதீர்கள், இந்த ஊர் வெயிலில் அது அடுப்பு. வீட்டுக்குள் ஏதாவது அலமாரி போதும். செலோடேப் வேண்டவே வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும், பாலியெஸ்டர் உறைக்குள் நழுவவிடுங்கள். சுருண்ட வரைபடத்தைப் பலவந்தமாக விரிக்காதீர்கள். படத்தின் பின்னால் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சில், பால்பாயின்ட் அல்ல. பழைய நெகட்டிவில் புளித்த காடி வாடை வந்தால் மற்றதிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்புறம், எங்களுக்கு உதவுவதாக நினைத்துத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு வராதீர்கள். எந்தத் தாள் எதோடு இருந்தது என்பதும் எங்களுக்குச் சாட்சிதான். ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்று அசலை வீசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

அந்தப் பெண்மணி கிளம்பும்போது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கராஜில் இரண்டு பெட்டி இருக்கிறதாம். "அதெல்லாம் சும்மா, பழைய தண்ணி பில்லு." எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை போகிறேன்.