கரிசலா, களிமண்ணா, 'பிளாக் காட்டனா'?

சென்னையில் வீடு கட்டித் தருகிறவர்களிடம் மண்ணைப் பற்றிக் கேட்டால் அநேகமாக மூன்றே பதில்தான்: மணல், பாறை, 'பிளாக் காட்டன்'. திருவான்மியூர், சாந்தோம் என்று கடலோரம் முழுக்க மணல், கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை, மற்றபடி மேற்கு மாம்பலம், தி.நகர், விருகம்பாக்கம், அண்ணா நகர், பெரம்பூர் எல்லாம் களி. அந்தக் களி சாம்பல் நிறமோ பழுப்போ, மேஸ்திரி வாயில் அது பிளாக் காட்டன்தான், அதாவது பருத்தி விளையும் கரிசல் மண்ணுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர். மாம்பலத்துக்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அங்கே இருந்தது பெரிய ஏரி, 1920-களில் அதன் நீரை வடித்துவிட்டுத்தான் தி.நகரை உருவாக்கினார்கள், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். ஏரிக் களிக்கு ஒரு பெயர், கோவில்பட்டிக் காட்டு மண்ணுக்கு ஒரு பெயர் என்று தமிழில் தனித்தனியாக இருக்கும்போது இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை.

முதலில் களி. இதற்கு மகிழ்ச்சி, வெறி என்றும் பொருள் உண்டு, ஆனால் மண்ணோடு சேரும் களி குழைவைக் குறிப்பது; உளுந்தங்களி, கேழ்வரகுக் களி, திருவாதிரைக் களி எல்லாம் இந்தப் பக்கத்துச் சொந்தம். தண்ணீர் சேர்த்தால் குழையும், பிடித்த வடிவத்தில் நிற்கும், காய்ந்தால் இறுகும். மண்ணியலில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள்: 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள் களி, அப்படிப்பட்ட துகள் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக அது களிமண். துகள் இவ்வளவு சின்னதாக இருப்பதால் மொத்தப் பரப்பு மிக அதிகம், அந்தப் பரப்பில் எதிர்மின்னூட்டமும் இருப்பதால் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும், மணலில் போல மழையோடு சுலபமாக ஓடிவிடாது. "மண்டையில என்ன களிமண்ணா?" என்று திட்டுகிறோமே, அது அநியாயம். எதுவும் நிற்காத மண்டையை மணல் என்றுதான் திட்ட வேண்டும்.

அப்புறம் இந்த 'ஹெவி' விவகாரம். களிமண்ணை ஆங்கிலத்தில் ஹெவி சாயில் என்கிறார்களே என்று 'கன மண்' என எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஒரு கூடை காய்ந்த மணல் ஒரு கூடை பொடித்த களியைவிட எடை கூடுதலாகத்தான் இருக்கும். உழும்போது மாட்டுக்கும் டிராக்டருக்கும் விழுகிற பளுவை வைத்து வந்த பெயர் அது. ஆகவே என்னைக் கேட்டால் கெட்டிக் களி என்று எழுதிவிட்டுப் போகலாம், யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

கரிசல் வேறு. விரி, விரிசல் மாதிரி கரி, கரிசல். கறுத்துக் கிடப்பது என்று பொருள், அதாவது நிறத்தால் வந்த பெயர். இதற்குப் பள்ளிப் புத்தகத்தில் 'ரீகர் மண்' என்றும் ஒரு பெயர் போட்டிருப்பார்கள், பலபேர் அதை ஏதோ ஐரோப்பியச் சொல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது தெலுங்கின் 'ரேகடி'. பக்கத்து வீட்டுச் சொல் ஆங்கில வேஷம் போட்டுக்கொண்டு நம் பாடத்துக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கரிசல் என்று சொல்ல முடிகிறபோது அது எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

நிறத்தைப் பார்த்துச் சத்தான மண் என்று நினைத்தாலும் தப்பு. கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான், தழைச்சத்தும் துத்தநாகமும் பற்றாக்குறை, அடியில் சுக்கான் கல் என்ற சுண்ணாம்புக் கட்டி வேறு கிடக்கும். இதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. இதில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் வகைக் களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், கோடையில் கை நுழைகிற அகலத்துக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் உதிர்ந்து விழ, மழையில் அடிமண் உப்பி மேலே தள்ள, மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. அதனால்தான் புரட்டுதல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து இப்படிப்பட்ட மண் வகுப்புக்கு மண்ணியலில் வெர்டிசால் என்று பெயர் வைத்தார்கள். இங்கே ஒரு சிக்கல். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் மண்ணியலார் 'களத்தூர் தொடர்' என்று வகைப்படுத்திய மண்ணும் வெர்டிசால்தான், கோடையில் அதுவும் வெடிக்கும், ஆனால் டெல்டாவில் அதை யாரும் கரிசல் என்று சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது களிமண். ஆக வெர்டிசால் என்ற இடத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கரிசல் என்று போட முடியாது. வெடிப்புதான் இந்த வகுப்பின் அடையாளம் என்பதால் வெடிப்புக் களி என்றால் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

விவசாயத்தில் இந்த மண்ணோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் பதத்துக்காகத்தான். ஈரம் கொஞ்சம் கூடினால் கலப்பையில் அப்பிக்கொள்ளும், நாலு நாள் தாமதித்தால் பாறாங்கல் மாதிரி கட்டியாகப் பெயரும். முதல் மழை வெடிப்பு வழியே மடமடவென்று உள்ளே போகும், மண் உப்பி வெடிப்பு மூடிய பிறகு தண்ணீர் இறங்குவது அத்தனை மெதுவாகிவிடும், மிச்சமெல்லாம் மேலேயே நின்று வேர் அழுகும். ஆனால் உள்ளே போன ஈரம் லேசில் போகாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் மானாவாரிக்காரர்கள் நம்பியிருப்பது இதைத்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது என்பதால் மழைக்கு முன்னாலேயே, புரட்டாசி வாக்கில், காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிடுவார்கள், மழை நின்ற பிறகும் பருத்தியும் சோளமும் உள்ளே சேர்ந்த ஈரத்தில் வளரும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் பரிந்துரைப்பது இந்த முன்பருவ விதைப்பைத்தான். அந்தப் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணுக்கென்றே அமைந்த நாட்டு ரகம்.

டெல்டாவில் அதே குணத்தை வேறு மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் கீழே இறங்காது என்பதால் நெல்லுக்குத் தோது, தொளி அடித்தால், அதாவது தண்ணீரோடு சேறாக உழுதால், இன்னும் நன்றாகத் தேங்கும். தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, மறு தண்ணீர் கிடையாது, களியில் தங்கிய ஈரமும் கொஞ்சம் பனியும் போதும்.

கரம்பை என்பது இன்னொன்று, ஏரி குளம் வற்றியபின் வெடித்துக் கிடக்கும் வண்டல். மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் வண்டியில் அடித்துக் கொட்டுவார்கள், அந்தக் காலத்தில் தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் இதுதான். நகரத்துக்குள் ஏரியை மூடிக் கட்டிய மனைகளின் அடியில் கிடக்கும் களிக்கு மிகப் பொருத்தமான பெயர் இதுவே, பிளாக் காட்டன் அல்ல.

வீட்டு மண் எது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கை மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள், உடையாமல் ஏழெட்டு சென்டிமீட்டர் நீண்டால் கெட்டிக் களி, இரண்டு மூன்றிலேயே முறிந்தால் களி குறைவு. கெட்டிக் களி என்றால் உடனே நாலு சட்டி ஆற்று மணலைக் கொட்டாதீர்கள், கொஞ்சமாகப் போட்ட மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகிப்போகும். மட்கிய தொழு உரம், காய்ந்த இலைச்சருகு, முடிந்தால் மண்ணை ஒரு முழம் உயர்த்திய பாத்தி. ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மேற்கு மாம்பலத்தில் மண்வெட்டி இறங்காது, இறங்கினால் வெளியே வராது.