கேஸ் மாடிங்: பெட்டி திருத்துதல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா, பெங்களூரில் இருக்கும் என்னைப் போனில் பதறிப்போய்க் கூப்பிட்டார். "அல்சூர்ல அக்கா பையன் வீட்டுக்குள்ள கேஸை அறுத்துக்கிட்டு இருக்கானாம். நீ உடனே போய்ப் பாரு." அம்மா காதில் விழுந்தது அடுப்படி கேஸ். பையன் அறுத்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர் கேஸ். விளக்கிச் சொன்னதும் அவருக்கு மூச்சு வந்தது. கணினியின் பெட்டியை இப்படி வெட்டி நம் வசதிக்கு மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'கேஸ் மாடிங்' என்பார்கள். எனக்கோ அந்தக் 'கேஸ்' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது.

தமிழ் எழுத்தில் 'கேஸ்' என்று எழுதினால் மூன்று தனித்தனிச் சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. சிலிண்டரில் வருகிற கேஸ், 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர் கிரேக்கத்தின் 'கேயாஸ்' என்ற சொல்லை வைத்து உருவாக்கியது. கோர்ட்டில் போடுகிற கேஸ், லத்தீனில் 'விழுதல்' என்று பொருள்படும் 'காசுஸ்' வழியாக வந்தது. ஒருவருக்கு வந்து நேர்ந்தது, அதனால் வழக்கு. மூன்றாவதுதான் நம்முடையது. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. 'பிடித்துக்கொள், கொள்' என்ற பொருளுள்ள 'காபெரே' என்ற வினையிலிருந்து பிறந்த சொல். உரோமானியர்கள் சுருட்டிய ஏடுகளை நிறுத்தி வைத்த உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கேஸ்' ஆனது.

இந்தக் 'காப்சா'வின் குடும்பம் பெரியது. நாம் விழுங்கும் கேப்சூல் அதன் பிள்ளை. 'குட்டிப் பெட்டி' என்று அர்த்தம். பாட்டு கேட்ட கேசட்டும் குட்டிப் பெட்டியேதான். லாரிக்கு அடியில் இருக்கும் சேசிஸும் அதே வேர். காசாளரிடம் கட்டும் 'கேஷ்'கூட முதலில் பணத்தைக் குறிக்கவில்லை, பணம் வைக்கும் பெட்டியைக் குறித்தது. இதில் தமிழருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் இன்னொரு பழைய 'கேஷ்' இருக்கிறது, அது சில்லறை நாணயத்தின் பெயர். அது நம்முடைய 'காசு'. போர்த்துகீசியர் அதைக் கேட்டு, தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்ற சொல்லின் உருவத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆங்கிலேயர் அதை 'கேஷ்' என்று எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிக் கால மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். காசுக்கும் பெட்டிக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் ஒரு கடல்வழி வணிகம் இரண்டையும் ஒரே உச்சரிப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. சொல் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

சரி, பெங்களூருக்கு வருவோம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் போய் 'கம்ப்யூட்டர் கேஸ்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் பில்லில் 'கேபினட்' என்றுதான் எழுதுவார்கள். பிரெஞ்சில் கேபினட் என்பது சிற்றறை. அப்புறம் அது இழுப்பறைகள் கொண்ட அலமாரியையும், அரசரின் தனியறையில் கூடி ஆலோசனை சொன்னவர்களையும் குறித்தது. இன்றைய அமைச்சரவை அங்கிருந்து வந்தது. வால்வு ரேடியோக்களின் மரக்கூட்டையும் டிவியின் மரப்பெட்டியையும் நம் ஊரில் கேபினட் என்றே சொன்னார்கள். ரேடியோக் கடைகளின் பேச்சுதான் கம்ப்யூட்டர் கடைகளுக்கும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீடுகளில் மூன்றாவது ஒரு பெயர் உண்டு: 'சிபியு'. "சிபியு மேல தண்ணி டம்ளர் வைக்காதே" என்று திட்டாத வீடு இல்லை. உண்மையில் சிபியு என்பது உள்ளே தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) உட்கார்ந்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லு. தமிழில் மையச் செயலகம். ஆனாலும் பெட்டியையே சிபியு என்பவர்களை நான் திருத்துவதில்லை. 1971இல் இண்டெல் 4004 என்ற ஒற்றைச் சில்லுச் செயலி வருவதற்கு முன், பெருங்கணினிகளில் மையச் செயலகமே அலமாரி அளவுக்கு இருந்தது. அந்த நாளில் அது சரியான பெயர்தான். 'டெஸ்க்டாப்'பும் அப்படித்தான். 1981இல் வந்த ஐபிஎம் பிசி மேசைமேல் படுக்கையாகக் கிடந்தது, திரை அதன் தலைமேல் உட்கார்ந்தது. இன்று அக்கா மகனின் 'மேசைக் கணினி' மேசைக்குக் கீழே நிற்கிறது.

இனி 'மாடிங்'. மாடிஃபை என்பதன் சுருக்கம் மாட். லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. 'ஃபாகெரே' என்றால் செய். அளவுக்குள் வரச் செய்வது என்பது மூலப்பொருள். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் கட்டுக்குள் வைப்பது, தணிப்பது என்ற பொருளே இருந்தது. மாற்றுவது என்ற பொருள் பிறகு ஓங்கியது. தமிழில் 'மட்டு' என்றாலும் அளவு, எல்லை. 'மட்டுப்படுத்து' என்கிறோமே, அது அந்தப் பழைய பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டுக்கும் உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. சிந்தனை ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 'அளவு' வெறும் அகராதிச் செய்தி அல்ல என்பதை அல்சூரில் பையன் பக்கத்தில் உட்கார்ந்தபோது கண்டேன். அவன் வாங்கியிருந்த பெட்டியின் முகப்பு முழுவதும் மூடிய கண்ணாடி. விளையாட்டு தொடங்கிய பத்து நிமிடத்தில் உள்ளே சூடேறி விசிறிகள் அலறும். பக்கத் தகட்டில் இரண்டு 120 மி.மீ. விசிறி வைக்கத் துளை போட வேண்டும் என்பது அவன் திட்டம். 120 மி.மீ. விசிறிக்கு நான்கு திருகுத் துளைகள். ஒன்றுக்கொன்று 105 மி.மீ. 140 விசிறிக்கு 124.5. இந்த இடைவெளி பொதுவாக எந்தக் கம்பெனி விசிறிக்கும் ஒன்றுதான், அதனால்தான் வீட்டில் துளை போடவே முடிகிறது. தாய்ப்பலகைக்கும் அப்படித்தான்: 1995இல் இண்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறைப்படி முழுப் பலகை 305-க்கு 244 மி.மீ., அதைத் தாங்கும் திருகுகளின் இடமும் முடிவானது. பெட்டியை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், இந்த அளவுகளைத் தொடாமல் வெட்ட வேண்டும்.

"மாமா, முதல்ல எல்லாத்தையும் கழட்டிடணும்" என்றான். போன வருடம் விசிறியையும் பலகையையும் உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு சின்னத் துளை போட்டிருக்கிறான். இரும்புத் தூள் பலகையில் விழுந்து, மின்சாரம் போட்டதும் பலகை போய்விட்டது. அந்தப் பணத்துக்கு அக்கா இன்னும் கணக்குக் கேட்கிறாள். இந்தத் தடவை வெறும் தகரக் கூட்டைப் பால்கனிக்குத் தூக்கிப் போனான். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சிலால் வட்டம் வரைந்து, நடுவில் பஞ்ச் தட்டி, ஜிக்சாவால் அறுத்தான். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதிர்ந்தால் நெளியும்; அடியில் ஒரு பலகையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டது என் வேலை. அறுத்த விளிம்பில் பிசிர் நின்றது. அரத்தால் ராவி, துத்தநாகப் பூச்சு போன இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க வண்ணம் அடித்து, ஜே.சி. ரோட்டில் கார் கதவுக்கு விற்கும் ரப்பர் பீடிங்கை விளிம்பில் சொருகினான். தூசிக்கு மேலே ஒரு வலை.

இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

முதலில் பெட்டி. 'பேழை' அழகான சொல், ஆனால் தமிழ் விவிலியத்தில் நோவா கட்டியதும் பேழை என்பதால் அதற்குப் பெரிய கனம் இருக்கிறது. 'சட்டகம்' உள்ளே இருக்கும் எலும்புக்குத்தான் பொருந்தும், சேசிஸுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். 'கூடு' எனக்கு மிகவும் பிடிக்கும். உயிர் உள்ளே இருக்க வெளியே நிற்பது கூடு. ஆனால் இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. கூட்டோடு 'திருத்தம்' சேர்ந்தால் 'கூட்டுத் திருத்தம்' என்றாகும். படிப்பவர் நாலு பேர் சேர்ந்து கொண்டுவந்த சட்டத்திருத்தம் என்று நினைப்பார். வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, சுருதிப் பெட்டி என்று கருவிகளுக்கு நாம் ஏற்கெனவே ஒரு வழி போட்டிருக்கிறோம். கணினிப் பெட்டி அந்த வரிசையில் தானாகப் போய் உட்காருகிறது. பெங்களூரில் இன்னொரு வசதி, கன்னடத்தில் 'பெட்டிகெ' என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் புரியும்.

அடுத்து மாட். 'மாற்றம்' என்று போட்டால் 'பெட்டி மாற்றினான்' ஆகும். பழையதைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்கியதாகப் பொருள் வரும். நடந்தது அதற்கு நேர் எதிர். 'மாற்றியமைத்தல்' தவறில்லை, ஆனால் அரசாணை வாடை வீசுகிறது. என் தேர்வு 'திருத்து'. பிழையைத் திருத்துவது அதன் ஒரு பொருள் மட்டுமே. காட்டைத் திருத்திக் கழனி ஆக்கினார்கள். மேடு பள்ளமான நிலத்தைத் திருத்துகிறோம். முடி திருத்தகத்துக்குப் போகிறோம். ஈழத் தமிழர் சைக்கிளைப் பழுது பார்ப்பதையும் திருத்துவது என்பார்கள். எல்லாவற்றிலும் இருப்பதைத் தூக்கிப் போடாமல், அதையே நம் தேவைக்கு வாகாக ஆக்கிக்கொள்கிறோம். பையன் செய்ததும் அதுவே.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வினையாகச் சொன்னால் 'பெட்டி திருத்துதல்', வல்லினம் மிகாது, 'முடி திருத்துதல்' போல. பெயராகச் சொன்னால் 'பெட்டித் திருத்தம்', அங்கே 'த்' வரும். செய்பவர் 'பெட்டி திருத்துநர்'. 'அவன் தன் கணினிப் பெட்டியைத் திருத்தியிருக்கிறான்', 'பெட்டித் திருத்தத்துக்கு முன் பலகையைக் கழற்று', 'திருத்திய பெட்டிக்கு வாரண்டி கிடைக்காது'. அம்மாவுக்கு மறுபடியும் போன் போட்டபோது முதல் மாதிரியில்தான் பேசினேன்: "பெட்டியைத் திருத்தி முடிச்சுட்டான்மா. அடுப்பு பத்திரமா இருக்கு."