64 பிட் கெர்னல், 32 பிட் யூஇஎஃப்ஐ: பென்டிரைவை மெஷின் ஏன் கண்டுகொள்வதில்லை?

பே டிரெயில் வகை இன்டெல் ஆட்டம் சிப் உள்ள பழைய டேப்லெட்டில் லினக்ஸ் போடப் பார்த்து, பூட் மெனுவில் பென்டிரைவே வராததால் மெஷினை மூலையில் போட்டவர்கள் ஏராளம். அது பழுதல்ல. ஏசுஸ் டி100டிஏ போன்றவற்றில் பிராசசர் 64 பிட். பவர் போட்டதும் அதை எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோ 32 பிட். அதனால்தான் அவை 32 பிட் விண்டோஸோடு விற்கப்பட்டன.

இந்த ஃபர்ம்வேர் பென்டிரைவின் இஎஃப்ஐ/பூட் ஃபோல்டரில் ‘பூட்ஐஏ32.இஎஃப்ஐ’ என்ற ஃபைலைத்தான் தேடும். பென்டிரைவில் எழுதிய லினக்ஸ் ஐஎஸ்ஓவில் 64 பிட்டுக்கான ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’ மட்டும் இருந்தால் வாயே திறக்காமல் அடுத்த டிரைவுக்குப் போய்விடும். எனவே பென்டிரைவைத் திறந்து முதலில் இதைப் பாருங்கள்.

உடனே 32 பிட் லினக்ஸைத் தேடி ஓடாதீர்கள். டெபியன் 13இல் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது. மாற வேண்டியது பூட்லோடர், அதாவது கெர்னலை மெமரியில் ஏற்றிவிடும் சிறு புரோகிராம் மட்டும்தான். லினக்ஸில் பெரும்பாலும் அது க்ரப். டெபியனில் ‘க்ரப்-இஎஃப்ஐ-ஐஏ32’ பேக்கேஜைப் போட்டு, க்ரப்-இன்ஸ்டால் கட்டளையில் டார்கெட்டை ‘ஐ386-இஎஃப்ஐ’ என்று கொடுங்கள். கூடவே ‘ரிமூவபிள்’ ஆப்ஷனையும் சேருங்கள்: பூட் வரிசையில் நாம் எழுதுவதை மதிக்காத ஃபர்ம்வேர்கள் உண்டு, பூட்ஐஏ32 என்ற பெயரில் இருந்தால் அவையும் எடுத்துக்கொள்ளும். கையொப்பமிட்ட பூட் ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். 64 பிட் கெர்னல் 32 பிட் ஃபர்ம்வேரிடம் ஒரு வேலை கேட்க, ஒவ்வொரு முறையும் பிராசசரை 32 பிட் நிலைக்கு இறக்கி, அழைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். கொடுக்கும் முகவரிகளும் 4 ஜிபிக்குக் கீழே இருந்தாக வேண்டும். அதற்கு மேலே 32 பிட் கோடுக்கு எட்டாது. இந்த மிக்ஸ்ட் மோட் 2014இல் லினக்ஸ் 3.15இல் வந்தது. கெர்னலை நீங்களே கம்பைல் செய்தால் ‘கான்ஃபிக்_இஎஃப்ஐ_மிக்ஸ்ட்’ அவசியம். அது இல்லாமல் எப்படியோ பூட் ஆனாலும், 32/64 பிட் பொருந்தவில்லை என்று கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் ஒரு வரி வரும். பூட் வரிசையை மாற்றும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை வேலை செய்யாது.

பூட் ஆனதும் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/எஃப்டபிள்யூ_பிளாட்ஃபார்ம்_சைஸ் என்ற ஃபைலைப் படியுங்கள். 32 என்று இருந்து, யூநேம் கட்டளை 64 பிட் கெர்னலைக் குறிக்கும் எக்ஸ்86_64 காட்டி, டிமெசேஜில் அந்தப் பொருந்தாமை வரியும் இல்லையென்றால் மிக்ஸ்ட் மோட் ஓடுகிறது. பிறகு எப்போதாவது ‘க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64’ஐப் போட்டால், அது ஐஏ32 பேக்கேஜை நீக்கிவிடும். அதனால் அப்டேட்டின்போது, பேக்கேஜ்களைக் கையாளும் ஆப்ட் காட்டும் நீக்கப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டே ‘ஒய்’ அடியுங்கள்.