செங்கல்லின் மேல் ஒரு பிரசவம்

எகிப்தின் டெண்டரா கோயில் சிற்பம் ஒன்றின் படத்தை அனுப்பி, "பிரசவிக்கும் பெண் ஏன் படுக்காமல் குந்தியிருக்கிறாள்? ஏதாவது சடங்கா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. இரண்டு ஹாத்தோர் தேவியர் இருபுறமும் துணை நிற்க, நடுவில் தாய் குந்தியிருக்கும் சிற்பம் அது.

அரசகுலப் பிரசவங்களை எகிப்தியச் சிற்பிகள் பெரும்பாலும் மறைத்தே செதுக்கினார்கள். டெய்ர் எல்-பஹ்ரி கோயிலில், எகிப்தை ஆண்ட பெண் ஃபாரோ ஹட்ஷெப்சுட்டின் தாய் அஹ்மோஸைத் தவளைத் தேவி ஹெகெட் கைபிடித்து அழைத்துப் போகிறாள். ராணியின் வயிறு லேசாகத்தான் மேடிட்டிருக்கிறது. அடுத்து அவள் அரியணையில் அமர்ந்திருக்கிறாள், குழந்தை பிறந்துவிட்டது! ஆனால் 'பிறப்பு' என்பதற்கான சித்திர எழுத்தில் ஒளிவுமறைவே இல்லை. அமர்ந்த பெண்ணுக்குக் கீழே குழந்தையின் தலையும் இரு கைகளும் எட்டிப் பார்க்கின்றன.

இனி வாசகியின் கேள்வி. இடுப்புக்கூட்டை அசையாத எலும்பு வளையம் என்றே பலரும் நினைக்கிறோம். கர்ப்பகாலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அதன் தசைநார்களைத் தளர்த்திவிடுகின்றன. முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோணத் திரிக எலும்பு அப்போது கொஞ்சம் சாய முடியும். அதன் மேல்முனை முன்னால் நகர்ந்தால் கீழ்முனையும் வால் எலும்பும் பின்னால் விலகும். குழந்தை வெளிவரும் வாசல் சில மில்லிமீட்டர் அகலும். மல்லாந்து படுத்தால் உடலின் எடை அந்த எலும்பின் மேலேயே அழுந்துகிறது. குந்தினால் அதற்கு விடுதலை. எம்.ஆர்.ஐ. படங்களில் இந்த வித்தியாசத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தலை நுழையத் தவிக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய வரம்!

குந்தினால் மருத்துவச்சியின் கைக்கு இடம் வேண்டுமே? அதற்குத்தான் இரு பாதங்களுக்கும் அடியில் செங்கற்கள். மெஸ்கெனெட் என்ற பிறப்புத் தேவியையே மனிதத் தலை முளைத்த செங்கல்லாக வரைந்தார்கள்.

2001-இல் எகிப்தின் பழைய நகரமான அபிடோஸில், ஒரு நகரத் தலைவரின் மாளிகையில், அப்படிப்பட்ட செங்கல் ஒன்று கிடைத்தது. வயது சுமார் 3,700 ஆண்டுகள். நீளம் 35 செ.மீ. சுடாத மண். அதில் தீட்டிய ஓவியத்தில் தாய் குழந்தையை ஏந்தியிருக்கிறாள். அவள் கூந்தலுக்கு நீல வண்ணம். தங்கம் தேடிக் கல்லறைகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது வீடுகளைத் தோண்டக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செங்கல்லின் பக்கங்களில் காவல் தெய்வங்களும் விலங்குகளும் இருக்கின்றன. அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பயத்துக்குத் துணையாக அந்தச் சித்திரங்கள் இருந்தன. வாசலைத் திறக்கும் வேலையைத் தாய் குந்திய விதம் பார்த்துக்கொண்டது.